பொம்மைக்குத் தெரியாது

"ஐயையோ, பள்ளம்! பள்ளம்! நிறுத்துங்க சார்!"

அண்ணன்காரர் போட்ட சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த குட்டி வீரன் ஒரு கணம் அந்தரத்தில் நின்றான்.

அப்புறம் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தான்.

சாப்பாட்டு மேஜை முழுக்கக் கட்டம் போட்ட பெரிய தாள். அதில் மார்க்கரால் வரைந்த ஒரு கோட்டை. மேலே விரல் உயரத்தில் வாளும் கேடயமுமாகப் பொம்மைகள். ஆளுக்கொரு பொம்மையை எடுத்துக்கொண்டு, அதுவாகவே நடித்து ஆடுகிற ஆட்டம். நடு வழியில் கறுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள். அதுதான் பள்ளம்.

சுற்றிலும் ஆடுகிறவர்கள்: அண்ணன்காரரின் தங்கச்சி, அவள் புருஷன், ஒரு பல் டாக்டரம்மா, மருந்துக்கடைக்காரர். எல்லாருக்கும் ஏழு கழுதை வயசு.

"ஏன் சார், அவ்வளவு பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுது சார். என் வீரனுக்குத் தெரியாதே!" என்றார் மருந்துக்கடைக்காரர், சாதுவாக.

"என்னது?"

ஆட்டத்தை நடத்துகிறவள் தங்கச்சி. அவள்தான் விளக்கினாள்.

"அந்தப் பள்ளத்தைப் பார்த்தது டாக்டரம்மாவோட பொம்மை. அது இப்ப சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு இருக்கு. இவரோட வீரன் இப்பதான் உள்ள நுழையறான். பொம்மை பார்க்காத ஒண்ணை நாம பார்த்திருந்தாலும், தெரியாத மாதிரிதான் நடந்துக்கணும் அண்ணா. இந்த ஆட்டத்துல அதுதான் மரியாதை."

"நல்ல மரியாதை! பகல்லயே பசுமாடு தெரியாதவருக்கு ராத்திரி எருமைமாடா தெரியப்போகுது?"

மருந்துக்கடைக்காரர் பகடையை உருட்டிப் பார்த்து, "கால் உடைஞ்சிடுச்சு" என்று தன் வீரனைப் படுக்க வைத்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

அண்ணன்காரருக்குத் தொழிற்சாலையில் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். எந்தப் பாகத்தில் கீறல், எதில் நெளிசல் என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அங்கே சம்பளத்துக்குச் செய்ததை வீட்டில் இலவசமாகச் செய்தார். மாட்டினவள் பெண்டாட்டி. காபியில் குறை, துணி மடிப்பில் குறை, தும்மினால் தும்மலில் குறை.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாள், அதிலும் ஒரு குறை சொல்லிவிடுவாரே என்று.

எங்கே போனாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. யாரிடமாவது விசாரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும். மானம் என்னாவது? நாலு பேர் முன்னால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அவளுக்குத் தலைவலி."

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் தங்கச்சி வீட்டுக்குத் தனியாக வருவார். அவளும் அண்ணிக்கும் சேர்த்து இரண்டு டப்பாவில் சாப்பாடு கட்டித் தருவாள். ஒன்றை அன்றைக்கும் இன்னொன்றை மறுநாளும் அவரே முடிப்பார். முடித்துவிட்டு, உப்பு குறைச்சல் என்பார்.

இப்போது பல் டாக்டரம்மா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தலையை மேஜையோடு மேஜையாகச் சாய்த்தாள்.

"என்னம்மா, மேஜைக்குப் பல்லு பிடுங்கப் போறீங்களா?"

"இல்ல சார். என் பொம்மை நிக்கிற இடத்துலேர்ந்து கதவு தெரியுதான்னு பார்க்கறேன்."

அண்ணன்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நீங்களுமா இந்தக் கூத்துல? நாலு பேரும் சேர்ந்துக்கிட்டு, கண்ணு முன்னாடி இருக்கிறதைத் தெரியாத மாதிரி நடிக்கிறீங்களே, வெட்கமா இல்ல? நானா இருந்தா மூஞ்சிக்கு நேரா போட்டு உடைச்சிடுவேன். எனக்கு இந்த நடிப்பெல்லாம் வராதுப்பா!"

மாப்பிள்ளை பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கோட்டையையே உற்றுப் பார்த்தாள். தங்கச்சி விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

எல்லார் வாயையும் அடைத்துவிட்டோம் என்று அண்ணன்காரருக்கு ஒரே பெருமை.

"வீட்ல எப்படி இருக்காங்க மச்சான்?" என்றார் மாப்பிள்ளை, பேச்சை மாற்ற.

"அதே தலைவலிதான். படுத்திருக்கா."

மருந்துக்கடைக்காரர் வாராவாரம் செய்வதுபோலச் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இதைக் குடுங்க சார். சாப்பிட்டப்புறம் போட்டுக்கச் சொல்லுங்க. காசெல்லாம் வேணாம்."

அண்ணன்காரர் வாங்கி, திருப்பி, காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

தங்கச்சி டப்பாக்களோடு வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டும்போதும் அவர் வாய் சும்மா இல்லை.

"ஏம்மா, அந்த மருந்துக்கடைக்காரர் படிச்ச மனுஷன்தானே? தெரிஞ்சே போய்ப் பள்ளத்துல விழறாரு! இவரை நம்பி ஊர்ல மருந்து வேற வாங்குறாங்க!"

அவ்வளவுதான். தங்கச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, அவரை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி காப்பாத்துறதுல அவரை அடிச்சுக்க ஆளே கிடையாது."

"அப்படி என்னத்தைக் காப்பாத்திக் கிழிச்சுட்டாரு?"

"அண்ணி அவர் வீட்டு மாடியிலதான் குடியிருக்காங்க."

அண்ணன்காரரின் ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலும் நின்றது.

தங்கச்சி இரண்டு டப்பாவையும் அவர் கையில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்காங்களாம். ஆறு மாசமா ஒரு நாள்கூடத் தலை வலிக்கலையாம்."