கைநாட்டு

தாமோதரனுக்குக் கார் பிடித்துப்போயிற்று. ஒன்பது வருடம் ஓடிய வண்டி என்று சொல்லவே முடியாது. ஆர்.சி. புக் மட்டும் இல்லை.

“தொலைஞ்சுபோச்சு சார். வண்டி அம்மா பேர்ல இருக்கு. அவங்க கைநாட்டு வச்சா புதுசு வாங்கி உங்க பேருக்கு மாத்திடலாம். உள்ள வாங்க” என்றான் விற்கும் பிரின்ஸ்.

அறைக்குள் மூத்திர வாடையடித்தது. கட்டிலில் எஸ்தர் கிடந்தாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். தன் சம்பளத்தில் வாங்கிய காரைத் தானே ஓட்டியவள். வாதம் வந்தபின் பேச்சில்லை. கண்களில் மட்டும் தெளிவு இருந்தது. மகன் கையிலிருந்த மைப்பெட்டியைக் கண்டதும் அவள் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை இறுக மூடிக்கொண்டாள்.

“அம்மா அப்பப்ப இப்படித்தான் பண்ணும்” என்று பிரின்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிரித்த விரல் மறுபடி மடங்கியது. அவன் நகம் பட்டு அவள் தோல் கன்றிச் சிவந்தது. தாமோதரன் வேண்டாம் தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“சார், மணிக்கட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.”

இந்த விலைக்கு இப்படியொரு கார் இனிக் கிடைக்காது. தாமோதரன் குனிந்து பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. பிரின்ஸ் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினான்.

தாமோதரன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரேகை தெளிவா விழல. இன்னொண்ணு எடுத்துடுங்க” என்றார்.

இந்த முறை எஸ்தர் கையை மூடவில்லை. மகனை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.