விரல்களுக்கு நடுவே

விடுதியில் பக்கத்து அறை நாற்காலி கவிழ்ந்த சத்தம் இருபத்திரண்டு வருஷமாக மலர்க்கொடியின் காதை விட்டுப் போகவில்லை. அன்று அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. விடிந்தபோது தோழி உயிரோடு இல்லை.

அதனால்தான், ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் தமிழாசிரியையாக அந்த விடைத்தாளைப் படித்ததும் அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா நழுவி விழுந்தது.

பிளஸ் டூ தமிழ், திருப்புதல் தேர்வு. குலை தள்ளியதும் சாய்கிற வாழையைப் பற்றி ஒரு கவிதை. மையக்கருத்து எழுதச் சொன்னால், வகுப்பின் முதல் மாணவி கனிஷ்கா இப்படி எழுதியிருந்தாள்:

"கருவில் நம் கை முதலில் துடுப்பு மாதிரி ஒட்டித்தான் இருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் தாமாகவே சாகும். அப்போதுதான் விரல்கள் பிரியும். அவற்றை யாரும் கொல்வதில்லை. அவற்றுக்குத் தம் நாள் தெரியும். எனக்கும் தெரியும். மார்ச் இருபத்தைந்து."

"ஷரபு, இதைப் பாரேன்!"

பயாலஜி ஆசிரியை ஷரபுன்னிசா வாங்கிப் படித்தாள். "நான் நடத்தின பாடம்தான். ஆனா இந்தத் தேதி..." அவள் தாளை மலர்க்கொடியின் கையில் திணித்தாள். "உடனே கிளம்புங்க மலர்."

ஆட்டோ காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்தது. உறையூர் போய்ச் சேர்வதற்குள் மலர்க்கொடி நூறு முறை செத்துப் பிழைத்தாள்.

கதவு திறந்திருந்தது. கனிஷ்கா தன் இரட்டைத் தங்கை யாழினிக்குக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாள். யாழினி இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்! நீங்க எங்க இங்க?"

மலர்க்கொடி கனிஷ்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி எழுதி வச்சிருக்க? என்ன நாளு அது?"

கனிஷ்கா விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஐயோ மிஸ்! பதற்றத்துல மறந்துட்டீங்களா? அது பயாலஜி பரீட்சை தேதி. கடைசிப் பரீட்சை, அதோட எல்லாம் முடிஞ்சுதுல்ல? சும்மா உதாரணத்துக்கு எழுதினேன்."

"உதாரணமா! ஒரு கேள்விக்குப் பதில் எழுத எமனையே கூப்பிடுவியா நீ?"

மலர்க்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா தங்கையன் ஓடிப்போய் கலர் வாங்கி வந்தார்.

"இவளுக்கு என்னங்க மிஸ், வாத்தியாருக்கே பாடம் நடத்துவா. ரெண்டு பேரையும் காலேஜுக்கு அனுப்ப என்னால ஆகாது. கூட மார்க் எடுக்கிறவ காலேஜுக்கு. இன்னொருத்தி மணப்பாறையில எங்க அக்கா முறுக்குக் கடைக்கு. நியாயந்தானுங்களே?"

வந்த நிம்மதியில் மலர்க்கொடி கலரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள். "நியாயந்தாங்க."

கனிஷ்கா குனிந்து தங்கையின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலர்க்கொடி அந்த விடையைக் குறுக்கே அடித்தாள். "மையக்கருத்து புரியவில்லை" என்று சிவப்பில் எழுதினாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஷரபுன்னிசா போனில் அழுதாள்.

"கனிஷ்கா பயாலஜியில பெயிலு, மலர். எழுத்துத் தேர்வுல பூஜ்யம். ஹால்ல இருந்தவங்களை விசாரிச்சேன். மூணு மணி நேரம் பேனாவையே திறக்காம உட்கார்ந்திருந்தாளாம்."

மலர்க்கொடி உடனே கனிஷ்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின? துணைத்தேர்வு இருக்கு. நான் ஃபார்ம் வாங்கித் தரேன். எழுதுடி!"

"எழுதினா நாந்தான் மிஸ் கூட மார்க் எடுப்பேன்" என்றாள் கனிஷ்கா. "அத்தை கடை எண்ணெய்ப் புகையில யாழினியால ஒரு வாரம்கூட மூச்சு விட முடியாது."

யாழினி இப்போது பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.

கனிஷ்கா மணப்பாறையில் முறுக்கு சுற்றுகிறாள்.