எருக்குழியோரப் புல்

கீழ்க்கட்டளையில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தகரக் கொட்டகைக்குள், ஆணி ஓட்டைகள் வழியாக மாலை வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. கன்றின் தாடையை ரத்தினபாய் தூக்கிப் பிடித்திருக்க, அவள் கணவர் தேவானந்தம் குடற்புழு மருந்தைக் கடைவாயில் ஊற்றுகிறார். கன்றுக்கு விலா எலும்பு தெரிகிறது. வயிறு மட்டும் பானையாய்த் தொங்குகிறது. வாலில் காய்ந்த கழிச்சலை ஈ மொய்க்கிறது. பக்கத்து முளையில் வெறும் கயிறு கிடக்கிறது. அதில் கட்டியிருந்த கன்று போன வாரம் கழிந்து கழிந்தே செத்தது. "போன தபாவும் இதே மருந்துதான். திரும்பவும் வவுறு ஊதிக்கினு கீது," என்கிறாள் ரத்தினபாய். அவர் அரிவாளோடு பின்பக்கம் போகிறார். அங்கே எருக்குழியைச் சுற்றி மட்டும் புல் செழித்து நிற்கிறது. மற்ற இடமெல்லாம் சிமெண்ட். "அங்க அறுக்க வாணாம்னு டாக்டர் சொன்னாருல்ல? சாணியில கீற புழுதான் புல்லுல ஏறுதாம்." "வேற எங்க புல்லு கீது, நீயே சொல்லு." அவள் கன்றின் கயிற்றை மெல்லத் தளர்த்திவிடுகிறாள். அவர் அறுத்து வந்து போட்ட புல்லைக் கன்று ஆவலாக மெல்லுகிறது. வாயோரம் ஒட்டியிருக்கும் வெள்ளை மருந்தின் மேல் பச்சைச் சாறு வழிகிறது.