ஆட்டு ஈரல்

டாலி மறுபடியும் வயிற்றைச் சொறிந்து புண்ணாக்கியிருந்தது.

"இந்தக் குட்டி நாய்க்குக் கோழி ஆவாதுன்னு டாக்டர் தலையில அடிச்சிக்கினு சொன்னாரே அஞ்சலை! எதுனா போட்டியா?" என்றாள் கோமதியம்மா.

"சத்தியமா இல்லம்மா. நீங்க வாங்கியார ஆட்டு ஈரலத்தான் வேக வெச்சுப் போடறேன்."

"அப்ப ஆடும் இதுக்கு ஆவலதான். கோழிய நிறுத்தியும் சொறிஞ்சா ஆடும் ஆவலன்னுதான் அர்த்தம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னியிலேருந்து பூசணிக்காயும் சாமச்சோறும் மட்டும் போடு. இந்த வூட்டுல இனிமே கறியே கெடையாது."

அஞ்சலை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வெறும் தூக்குச்சட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

எட்டு மாதக் கர்ப்பிணி மகள் மலர்க்கொடி தூக்கைத் திறந்து பார்த்தாள். "இன்னாம்மா, ஈரல் இல்லியா? ஒடம்புல ரத்தம் ஊறிக்கினு வருதாம். இன்னும் ஒரு மாசம் இப்பிடியே சாப்ட்டா கள்ளக்குறிச்சிக்குப் போயி ரத்தம் ஏத்த வேணாம்னு நர்சம்மா சொன்னாங்க."

நாற்பது நாளாக டாலியின் ஆட்டு ஈரலை மகளுக்கு எடுத்து வந்தவள் அஞ்சலைதான். டாலிக்குப் போட்டது பிராய்லர் கடையில் கேட்டு வாங்கிய கோழி ஈரல். நாய்க்கு எந்த ஈரலாயிருந்தால் என்ன, எல்லாம் கறிதானே என்று நினைத்திருந்தாள்.

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"ஆட்டு ஈரல் அந்த நாய்க்கு ஆவலயாம்டி," என்றாள் அஞ்சலை.