எட்டாயிரம் அடி

காய்ந்த துணிகளை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறி வந்த தபீதாள் படிவாசலிலேயே நின்றுவிடுகிறாள். ஜிஎஸ்டி சாலையின் இரைச்சலுக்கு மேலே வெயில் சிவந்து இறங்குகிறது. நடந்துகொண்டிருக்க வேண்டிய மகள் ஜெரூஷா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பதினைந்து வயதிலேயே சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் எச்சரித்ததிலிருந்து, தினம் எட்டாயிரம் அடி நடந்தால்தான் ராத்திரி போன் என்பது தபீதாள் போட்ட சட்டம். பாட்டு கேட்க மட்டும் என்று கொடுத்த போனில் ஏதோ வீடியோ ஓடுகிறது. மகளின் கண் அதைவிட்டு அசையவில்லை. வலது கை மட்டும் தொட்டில் ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கறுப்புப் பட்டை. முதல் மாரடைப்புக்குப் பிறகு கணவர் எலியேசருக்கு அவள் வாங்கிக் கொடுத்தது.

"என்னடி பண்றே?"

ஜெரூஷா நிமிர்கிறாள். கை நிற்கவில்லை. "அப்பா சொல்லிக் குடுத்ததும்மா. அவரும் டெய்லி இங்க உக்காந்து இப்டித்தான் மேட்ச் பாப்பார். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கிட்டார்."

பட்டையின் ஒரு துளை எலியேசரின் தடித்த மணிக்கட்டுக்கு இழுபட்டு நீண்டே கிடக்கிறது. அடக்கத்துக்கு முன் தபீதாள்தான் அதைக் கழற்றினாள். 'தினமும் நடந்தவராச்சே டாக்டர்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது, பக்கத்தில் ஜெரூஷா தலைகுனிந்து நின்றிருந்தாள். கொடியில் துணிகள் படபடக்கின்றன. பட்டை அதிர்கிறது; அதன் சின்னத் திரையில் வாணவேடிக்கை.

"எட்டாயிரம் ஆச்சும்மா," என்று ஜெரூஷா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுகிறாள், சாயங்காலந்தோறும் எலியேசர் காட்டியதுபோலவே.