கண்ணாடிக்கு வெளியே ஒரு விரல்

"ரீச்சர், உவ இண்டைக்கும் எண்ணிப்போட்டுப் போறா!"

பின்வரிசைக் கதிரையிலிருந்து யேசுரட்ணம் கதவைக் காட்டினார். மகளைத் தமிழ் வகுப்பில் கொண்டுவந்து விட்டால், அது முடியும்வரை அங்கேயே குந்தியிருப்பது அவர் வழக்கம்.

கிளடிஸ் ரீச்சர் திரும்பிப் பார்த்தார். கதவின் சின்னக் கண்ணாடிக்கு வெளியே மிஸிஸ் லாவ், பக்கத்து வகுப்பின் சீன ரீச்சர். விரலை நீட்டி ஒவ்வொரு பிள்ளையாக எண்ணிவிட்டு, கையிலிருந்த கடதாசித் துண்டில் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

"மூண்டு சனியாய் உதுதான் வேலை. உவவின்ரை வகுப்பிலை நாப்பது பிள்ளையள். இடம் காணாது. கண் எங்கடை அறையிலை."

"சும்மா இருங்கோ அண்ணை."

"சும்மா இருந்தா அறை போயிடும். அங்கை ஆமிக்குக் குண்டு குடுத்ததும் உவையின்ரை சீனாதான், இஞ்சை..."

"உவவோ கொண்டுபோய்க் குடுத்தவ? பிள்ளையளுக்கு முன்னாலை என்ன கதை இது!"

அதட்டினாரே தவிர, ரீச்சரின் நெஞ்சிலும் அந்த முள் தைக்காமல் இல்லை.

கடல் கடந்து வந்து குடியேறிய மில்லிக்கனில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்து, மூன்று வருடத்துக்கு முன் அவர் தொடங்கிய சனிக்கிழமை வகுப்பு அது. வரவு இடாப்பில் இருபத்திரண்டு பெயர். வந்திருப்பது ஒன்பது.

2009 மே. கிழமைக்கணக்காகப் பெற்றோர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, யுத்தத்தை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் கொடி பிடித்து நின்றார்கள். போன திங்கட்கிழமை, ஊரில் யுத்தம் முடிந்தது என்று செய்தி வந்தது. அதன் பிறகு வீட்டை விட்டே வெளியே வரவில்லை.

ரீச்சரின் தம்பி குடும்பமும் வன்னியில்தான் இருந்தது. ஒரு தகவலும் இல்லை. வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம்தான் அவர் ரெலிபோனைப் பார்க்காமல் இருப்பது.

இனி அதுவும் நிலைக்குமோ தெரியாது. அடுத்த சனி பள்ளிக்கூட போர்ட்டிலிருந்து ஆள் வரும், பதினைந்து பிள்ளைகள் இல்லாவிட்டால் வகுப்பு மூடப்படும் என்று கடிதம் வந்துவிட்டது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால், வாசலில் மிஸிஸ் லாவ்.

"இன்றைக்கும் ஒன்பதுதானா?" என்றார் ஆங்கிலத்தில்.

ரீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கள் சனத்துக்குச் சாவு வீடு, மிஸிஸ் லாவ். அறை வேண்டுமென்றால் ஒரு கிழமை பொறுங்கள். அதற்குள் வந்து எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்!"

மிஸிஸ் லாவ் கையிலிருந்த கடதாசித் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுக்க ரீச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்தார். பார்ப்பம் என்றவர்கள்தான் அதிகம். அருள்நாயகம் என்ற தகப்பன் மட்டும் நேராகவே கேட்டார்.

"கோவியாதேங்கோ ரீச்சர். பிள்ளை தமிழ் படிச்சு, இனி ஆரோடை கதைக்கிறதுக்கு?"

ரீச்சர் இடாப்பில் அடுத்த பெயருக்குப் போனார்.

சனிக்கிழமை பத்துப் பேர் வந்தார்கள். போர்ட் அதிகாரி நல்ல மனுசன். வெறும் கதிரைகளைப் பார்க்கவே கூச்சப்பட்டார். "எனக்கும் வருத்தம்தான்" என்று சொல்லிக்கொண்டே பேனையைத் திறந்தார்.

கதவு திறந்தது. மிஸிஸ் லாவ். அவருக்குப் பின்னால் வரிசையாக ஆறு சீனப் பிள்ளைகள்.

"பாருங்கோ, கதிரை தூக்க ஆளோடையே வந்திட்டா!" யேசுரட்ணம் பல்லைக் கடித்தார்.

மிஸிஸ் லாவ் ஆறு படிவங்களை அதிகாரியின் முன் வைத்தார்.

"பிந்தியதற்கு மன்னியுங்கள். இவர்கள் தமிழ் வகுப்பில் சேர வந்திருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்."

"தமிழ் வகுப்பிலா? இவர்கள் சீனப் பிள்ளைகள் அல்லவா?"

"எந்தப் பிள்ளையும் எந்த மொழியும் படிக்கலாம் என்று உங்கள் விதியில்தான் இருக்கிறது. இவர்களுக்கு மாண்டரின் சீனத்தை மத்தியானத்துக்குப் பிறகு நான் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன்."

அதிகாரி படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பேனையை மூடினார்.

"பெயரைக் கூப்பிடுங்கள்," என்றார்.

ரீச்சர் ஆறு புதுப் பெயர்களையும் இடாப்பில் எழுதினார்.

"ஜேசன் லியுங்."

"உள்ளேன், ரீச்சர்!"

தமிழ்ப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நடுவில் இருப்பது மெல்லிய சுவர்தானே. வருடம் முழுக்கக் கேட்ட சொல்.

யேசுரட்ணம் எழும்பினார். தான் இருந்த கதிரையைக் கைலேஞ்சியால் துடைத்து, நின்றுகொண்டிருந்த சின்னப் பெண்ணுக்கு இழுத்துப் போட்டார்.

அதிகாரி போனதும் ரீச்சர் மிஸிஸ் லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். போன சனி ஒன்பது பேர். ஆறையும் சேர்த்தால் சரியாகப் பதினைந்து.

"நீங்கள் சும்மா இருந்திருந்தால் இந்த அறை உங்களுக்குக் கிடைத்திருக்குமே?"

"ஒரு காலம் எனக்குத்தான் இருந்தது." மிஸிஸ் லாவ் கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னார். "மாண்டரின் நான் பிறகு படித்தது. வீட்டில் பேசுவது கன்ரனீஸ், அது வேறு சீன மொழி. இருபது வருடம் இந்த அறையில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் என்னிடம் படித்தவர்கள்தான். பிறகு எல்லாரும் மாண்டரினுக்கு மாறினார்கள். நாலு வருடத்துக்கு முன், இரண்டே இரண்டு பிள்ளை குறைந்ததென்று என் வகுப்பை மூடினார்கள்."

அவர் பார்வை கதவுக் கண்ணாடிக்குத் திரும்பியது.

"எத்தனை குறைகிறதென்று அன்றைக்கு ஒருவரும் அதன் வழியாக எட்டி எண்ணிப் பார்க்கவில்லை."