எதிர்வீட்டு நஷ்டம்

எதிரெதிரே குடியிருந்த ரெஜினா, சுகந்தி இருவரின் வாடகை வீட்டிலும் ஒரே வெள்ளம்தான் புகுந்தது. வீட்டுக்காரரின் காப்பீடு சுவர்களுக்கு மட்டும். ரெஜினா தன் சாமான்களுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்தபோது சுகந்தி சிரித்திருந்தாள். இன்று வந்த காப்பீட்டு அதிகாரி, நனைந்த ஒவ்வொன்றையும் தொட்டு, "இது எப்ப வாங்கினதும்மா?" என்று ரெஜினாவிடம் நிதானமாகக் கேட்டு எழுதினார். வரப்போகும் பணத்தைவிட அந்தக் கேள்விதான் சுகந்தியின் வயிற்றை எரித்தது. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்றாள்.

"என் தையல் மிஷினும் போச்சு சார். மூணு வருஷம் சீட்டுக் கட்டி வாங்கினது."

"பாலிசி இருக்காம்மா?"

"இல்ல சார். சும்மா எழுதிக்கோங்க."

அவர் பேனாவை எடுத்தார்.

"என்ன கலரும்மா?"